கறிவேப்பிலைத் தொட்டியில் ஒரு பச்சைப் புழு

எங்கள் வீவக (சிங்கப்பூரின் அரசு அடுக்குமாடி வீடுகள்) புளோக்கின் தாழ்வாரத்தில் ஒரு கறிவேப்பிலைத் தொட்டி இருக்கிறது. போன மாதம் அதன் இலையில் பறவை எச்சம் கிடந்தது. துடைக்கப் போனேன், எச்சம் நகர்ந்தது. புழு! இரண்டு நாள் கழித்துப் பார்த்தால், அதே இடத்தில் பச்சைப் பசேலென்று ஒரு புழு, முதுகில் இரண்டு பொய்க்கண்கள். பக்கத்தில் கடுகளவு தலைக்கூடு ஒன்று. பழைய சட்டையைக் கழற்றிய அடையாளம் அது. கறிவேப்பிலை அழகி என்ற வண்ணத்துப்பூச்சியின் பிள்ளை.

பூச்சியின் தோல் நம் தோல் மாதிரி கூடவே வளராது. அதனால் உரித்தே ஆக வேண்டும். புழு போதுமான எடை கூடியதும் மூளை ஒரு ஹார்மோனை அனுப்பி, மார்புப் பகுதியில் உள்ள சுரப்பியை எழுப்புகிறது. அங்கிருந்து வருவது எக்டைசோன். "தோலை உரி" என்பது அதன் கட்டளை. 1954இல் ஜெர்மனியில் புட்டனான்ட், கார்ல்சன் என்ற விஞ்ஞானிகள் இருவரும் 500 கிலோ பட்டுக் கூட்டுப்புழுக்களை அரைத்துப் பிரித்தெடுத்தும் கிடைத்தது வெறும் 25 மில்லிகிராம்! அவ்வளவு சொற்பம் போதும். இதற்கு மூலப்பொருள் கொலஸ்ட்ரால். பூச்சிகளால் அதை அடியிலிருந்து உருவாக்க முடியாது. தின்னும் இலையில் உள்ள தாவரக் கொழுப்பிலிருந்துதான் எடுத்துக்கொள்கின்றன.

சரி, உரித்த பிறகு உள்ளே இருந்து வருவது புழுவா, கூட்டுப்புழுவா? அதைத் தீர்மானிப்பது மூளைக்குப் பின்னால் இருக்கும் இணைச் சுரப்பிகள் சுரக்கும் இளமை ஹார்மோன். அது நிறைய இருந்தால் மறுபடியும் புழு. வற்றிப்போனால் உருமாற்றம். என்னை அசரவைப்பது இதுதான்: "பொறு, இன்னும் நேரம் வரவில்லை" என்று சொல்லிக்கொண்டிருந்த குரல் ஓய்ந்தாலே, வண்ணத்துப்பூச்சிக்கு வழி திறந்துவிடுகிறது.

என் புழுவின் நிறமாற்றமும் இதே கணக்குதான். இதே பேரினத்து ஜப்பானிய வண்ணத்துப்பூச்சி ஒன்றில் 2008இல் செய்த சோதனை அதைக் காட்டியது. நான்காம் பருவப் புழுவின்மேல் (ஒரு தோலுரிப்புக்கும் அடுத்ததற்கும் இடைப்பட்ட காலம் ஒரு பருவம்), பருவம் தொடங்கியதுமே இளமை ஹார்மோன் போன்ற மருந்தைத் தடவினார்கள். அடுத்த தோலிலும் அது பச்சையாகவில்லை, எச்ச வேடத்திலேயே இருந்தது.

கொசு ஒழிப்பிலும் இந்த அறிவு பயன்படுகிறது. மெத்தோப்ரீன், பைரிப்ராக்ஸிஃபென் இரண்டும் இளமை ஹார்மோனைப் போல நடிக்கும் மருந்துகள். தண்ணீரில் கொசுப்புழு வளரும், கூட்டுப்புழுவாகக்கூட ஆகும். ஆனால் கொசுவாகப் பறந்து வெளியேறாது. டெங்கிக்காகத் தொட்டித் தட்டின் தண்ணீரைத் தினமும் கொட்டும் நமக்கு இது ரொம்பவே நெருங்கிய விஷயம்.

அப்புறம் ஒரு நாள் மாலை என் புழு தின்பதை நிறுத்தியது. நீராகக் கழித்துவிட்டு, தொட்டி விளிம்பைச் சுற்றிச் சுற்றி வந்தது. இளமை ஹார்மோன் வற்றி, எக்டைசோன் லேசாகத் தலைகாட்டும் நேரம் அது. மறுநாள் பட்டு நூலை இடுப்பில் கட்டித் தண்டில் சாய்ந்திருந்தது. எக்டைசோன் மறுபடி பொங்கி அடங்கியதும் முதுகுத் தோல் வெடித்துக் கூட்டுப்புழு வெளிப்பட்டது. "இலையெல்லாம் மொட்டையாயிடுச்சே" என்றார் பக்கத்து வீட்டு அக்கா. நான் கூட்டைக் காட்டினேன். சில நாளில் அதன் ஓடு கண்ணாடி போலாகி, கறுப்பு இறக்கையில் வெள்ளைப் புள்ளிகள் வரிசையாகத் தெரிந்தன. அக்காதான் முதலில் பார்த்துவிட்டு என் கதவைத் தட்டினார்.