வாசலில் மாட்டும் படம்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் 15 வருடமாகப் படம் எடுக்கிறேன். கல்யாணம், 21வது பிறந்தநாள், காவடி என்றுதான் ஓடிக்கொண்டிருந்தது. இப்போது இன்னொரு வகை வாடிக்கையாளர்களும் வருகிறார்கள். ஒன்லிஃபேன்ஸ் மாதிரித் தளங்களில் சந்தா வாங்கி அடல்ட் கன்டென்ட் போடுபவர்கள். சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கத்து நம்ம பிள்ளைகளும் உண்டு. "அக்கா, ஒரு டிபி மட்டும் எடுக்கணும், வீட்டுல யாருக்கும் தெரியக்கூடாது" என்று தயங்கித்தான் ஆரம்பிப்பார்கள். டிபி என்றால் கணக்கின் முகப்பில் வைக்கும் புரொஃபைல் படம். அந்தத் தொழில் சரியா தப்பா என்ற பஞ்சாயத்துக்கு நான் போவதில்லை. முதலில் அடையாள அட்டையைக் கேட்பேன். நம் அடையாள எண்ணின் முதல் 6 இலக்கங்கள் பிறந்த தேதிதானே. 18 நிரம்பவில்லை என்றால் கேமராப் பையைத் திறக்கவே மாட்டேன்.

போன வருடம் ஒரு பெண் வந்தாள். டிபியை உடனே மாற்ற வேண்டும் என்றாள். பழையதைக் காட்டினாள். சிரித்த முகம், கழுத்தில் மாங்காய் அட்டிகை. படத்தில் குறையே இல்லை. ஆனால் அது சித்தி மகள் கல்யாணத்தில் எடுத்த குடும்பப் படத்திலிருந்து வெட்டியது. முழுப் படம் சித்தியின் ஃபேஸ்புக்கில் கிடந்தது. எவனோ ஒருவன் டிபியை, படத்தை வைத்தே தேடும் கூகுள் லென்ஸில் போட்டிருக்கிறான். கல்யாண ஆல்பம், மண்டபம், அம்மாவின் பெயர் என்று வரிசையாக வந்து விழுந்துவிட்டது. அன்று இரவே காசு கேட்டு மிரட்டல்.

அவன் சந்தா கட்டியவன்கூட இல்லை. உள்ளே பூட்டி வைத்த படங்களைப் பற்றித்தான் எல்லோரும் கவலைப்படுகிறார்கள். டிபியோ காசே கட்டாதவனும் பார்க்கிற படம்.

அதனால் டிபிக்கென்றே புதிதாக ஒரு படம் எடுங்கள். அதை வாட்ஸ்அப்பிலோ இன்ஸ்டாவிலோ வேறெங்கும் வைக்காதீர்கள். போடுவதற்கு முன் நீங்களே கூகுள் லென்ஸ், டின்ஐ இரண்டிலும் தேடிப் பாருங்கள். இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பிம்ஐஸ் போன்ற தளங்கள் முகத்தை வைத்தே தேடுகின்றன. படம் புதிதானாலும் முகம் பழசுதானே. குடும்பத்துக்குத் தெரிந்தால் தாங்காது என்பவர்கள் முகத்தைக் காட்டவே வேண்டாம். தோளும் தாடையும் தெரிந்தால் போதும், இல்லையென்றால் ஜன்னல் வெளிச்சத்துக்கு முதுகு காட்டி நிழலுருவமாக நிற்கலாம். அப்போதும் பச்சை குத்தியதும் தினமும் போடும் மோதிரமும் காட்டிக்கொடுத்துவிடும்.

பின்னணியில் நம் ஊருக்கே உரிய ஆபத்துகள் சில உண்டு. கேட்டில் மாட்டிய செக்யூரிட்டி கம்பெனி போர்டு, வீட்டு எண், வண்டி நம்பர், கதவில் தொங்கும் தம்பியின் ஸ்கூல் பிளேஸர். வெறும் சுவர் போதும். அப்புறம், போனில் எடுத்த படத்துக்குள் எடுத்த இடமும் பதிவாகியிருக்கலாம். வாட்ஸ்அப்பில் டாக்குமென்டாக அனுப்பினால் அது அப்படியே போய்ச் சேரும். கேமரா செட்டிங்கில் லொகேஷனை அணைத்துவிட்டு எடுங்கள்.

சரி, ஆள் இழுக்கிற விஷயத்துக்கு வருவோம். டிபி வட்டமாக, சுண்டுவிரல் நகம் அளவுக்குத்தான் தெரியும். முழு உருவம் வைத்தால் எறும்பு மாதிரி இருக்கும். தலையும் தோளும், ஒரே நிறப் பின்னணி, அதற்கு எடுப்பான உடை. நாலு மூலையும் வெட்டுப்படும் என்பதால் பெயரை ஓரத்தில் எழுதாதீர்கள். டர்பன் மத்தியான வெயிலில் கண்ணுக்குக் கீழே கருப்பு விழும்; காலை ஜன்னல் வெளிச்சம் போதும், லோட்ஷெடிங் என்ற மின்வெட்டுக் காலத்தில் நானே அதில்தான் பிழைத்தேன். ஃபில்டரைக் கொட்டாதீர்கள், உள்ளே வருகிறவன் வேறு ஆள் என்று நினைத்துத் திரும்பிவிடுவான். நிர்வாணமும் வேண்டாம். எக்ஸ் தளம் அடல்ட் பதிவுகளை அனுமதித்தாலும் புரொஃபைல் படத்தில் அனுமதிப்பதில்லை. பிடித்த படம் அமைந்துவிட்டால் வாரம் ஒருமுறை மாற்றாதீர்கள். மெசேஜ் பட்டியலில் உங்களை அந்தப் படத்தை வைத்துத்தான் தேடுவார்கள்.

மிரட்டல் வந்தால் காசு அனுப்ப வேண்டாம், அடுத்த வாரமும் கேட்பான். பிளாக் செய்வதற்கு முன் ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டு போலீஸில் புகார் கொடுங்கள். 2021 டிசம்பர் 1 முதல் நம் நாட்டில் சைபர் குற்றச் சட்டம் அமலில் இருக்கிறது. ஒருவரின் அந்தரங்கப் படத்தைச் சம்மதமில்லாமல் பரப்பினால் 3 ஆண்டு வரை சிறை உண்டு. ஸ்டாப் என்சிஐஐ என்ற இலவசச் சேவையும் இருக்கிறது. படம் உங்கள் போனை விட்டு வெளியே போகாது. படத்திலிருந்து உருவாக்கும் ஒரு எண் அடையாளம் மட்டும், அந்தச் சேவையில் சேர்ந்திருக்கும் தளங்களுக்குப் போய், அங்கே அந்தப் படம் பரவுவதைத் தடுக்க உதவும்.

படம் எடுக்கக் காசு கொடுத்தீர்களா? வேறு உடன்பாடு எழுதியிருந்தால் ஒழிய, 1978ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி அந்தப் படம் எனக்கில்லை, உங்களுக்குத்தான் சொந்தம். போட்டோகிராபர்கள் பலர் இதை வாடிக்கையாளரிடம் சொல்வதில்லை. ரசீதைத் தூக்கிப் போடாதீர்கள். யாராவது உங்கள் டிபியைத் திருடிப் போலிக் கணக்கு திறந்தால், தளத்துக்கு எழுதும்போது அதையும் சேர்த்து அனுப்பலாம்.