மல்டிவேரியபிள் கால்குலஸ்: எல்லை எழுதும் முன் படம் போடுங்கள்

மல்டிவேரியபிள் கால்குலஸ், அதாவது பல மாறிகள் கொண்ட சார்புகளின் நுண்கணிதம், எடுக்கப் போகிறவர்கள் வழக்கமாகக் கேட்பது, "பழைய தொகையீட்டுச் சூத்திரமெல்லாம் ஞாபகம் இருக்கணுமா சார்?" என்பதுதான். இருந்தால் நல்லது. ஆனால் இந்தப் பாடத்தில் மதிப்பெண் பறிபோவது அங்கே இல்லை. விடைத்தாள் திருத்தும்போது பார்க்கிறேன், தொகையிட நன்றாகத் தெரிந்த மாணவர்களே முதல் வரியில், அதாவது தொகையீடு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்ற எல்லைகளை எழுதும் இடத்திலேயே தவறிவிடுகிறார்கள். அதற்குப் பிறகு இரண்டு பக்கம் பிசகில்லாமல் கணக்குப் போட்டு என்ன பயன்?

ஒரு கணக்கைப் பார்ப்போம். இ என்ற எண்ணின் அடுக்கில் ஒய் ஸ்கொயர் என்ற சார்பை முதலில் ஒய்யைப் பொறுத்து எக்ஸிலிருந்து 1 வரை, அப்புறம் எக்ஸைப் பொறுத்து 0-விலிருந்து 1 வரை தொகையிட வேண்டும். நேராக இறங்கினால் உள்ளே இருக்கும் தொகையீடே நகராது, ஏனென்றால் நமக்குத் தெரிந்த சாதாரணச் சார்புகளை வைத்து அதற்கு விடை எழுத வழியே கிடையாது. இப்போது படம் போடுங்கள். (0,0), (0,1), (1,1) ஆகிய முனைகளைக் கொண்ட ஒரு முக்கோணம் வரும். அதைப் படுக்கை வாட்டத்தில் கோடு கோடாக வெட்டினால், ஒவ்வொரு கோட்டிலும் எக்ஸ் 0-வில் தொடங்கி ஒய்யில் முடிகிறது, ஒய் 0-விலிருந்து 1 வரை போகிறது. எக்ஸை முதலில் தொகையிட்டதும் ஒரு ஒய் வந்து பெருக்கலில் நிற்கிறது பாருங்கள், நமக்கு வேண்டியதே அதுதான். ஒய் ஸ்கொயரைப் புது மாறியாக வைத்தால் விடை, இ-யில் 1 போக மீதியில் பாதி, ஏறத்தாழ 0.859.

படம் போடாதவர்கள் எல்லைகளை அப்படியே இடம் மாற்றி எழுதிவிட்டு, கடைசி விடையில் எக்ஸ் மிச்சம் நிற்பதைக் கவனிக்காமலே அடிக்கோடு போடுகிறார்கள். எண்ணாக வர வேண்டிய விடையில் மாறி மிச்சமிருந்தால் எல்லை தப்பு, அவ்வளவுதான்.

ஒரு புள்ளியை மையத்திலிருந்து உள்ள தூரத்தாலும் கோணத்தாலும் குறிப்பது துருவ ஆயத்தொலைவு. அதற்கு மாறும்போது சேர்க்க வேண்டிய 'ஆர்', அதாவது அந்தத் தூரம், விட்டுப்போவதும் அடிக்கடி நடக்கிறது. ஆரம் 1 உள்ள வட்டத்தின் பரப்பை வைத்துச் சோதித்துக்கொள்ளுங்கள்: ஆர் இருந்தால் பை, விட்டால் 2 பை. அதே கோணத்துக்கு மையத்தை விட்டு விலக விலகக் கட்டம் அகலமாகிக்கொண்டே போகிறது, அந்த அகலத்தைத்தான் ஆர் கணக்கில் சேர்க்கிறது. இது புரிந்துவிட்டால், மாறிகளை மாற்றும்போது பெருக்க வேண்டிய இந்த ஜேக்கோபியனை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. கோள ஆயத்தொலைவில் இன்னொரு சிக்கல் உண்டு. கணிதப் புத்தகங்கள் பலவற்றில் ஃபை என்று குறிக்கும் கோணத்தை இயற்பியல் புத்தகங்கள் பெரும்பாலும் தீட்டா என்கின்றன, தீட்டாவை ஃபை என்கின்றன. இரண்டு பாடத்தையும் ஒரே செமஸ்டரில் படிப்பவர்கள், எந்தக் கோணம் மேல்நோக்கிய அச்சிலிருந்து அளக்கப்படுகிறது என்பதைத் தாளின் தலைப்பிலேயே எழுதிக்கொள்வது நல்லது.

அப்புறம், ஒரு மாறியில் பழகிய நம்பிக்கைகள் சில இங்கே உடைகின்றன. அங்கே ஒரு புள்ளியை இடமும் வலமுமாக இரண்டு பக்கத்திலிருந்து நெருங்கினால் போதும். இங்கே வழிகளுக்குக் கணக்கே இல்லை. எக்ஸ் ஸ்கொயர் ஒய்யை, எக்ஸின் நான்காம் அடுக்கும் ஒய் ஸ்கொயரும் சேர்ந்த கூட்டலால் வகுத்துப் பாருங்கள். எந்த நேர்கோட்டில் ஆதிப்புள்ளியை நோக்கி வந்தாலும் 0 கிடைக்கும். ஒய் என்பது எக்ஸ் ஸ்கொயர் என்ற பரவளையத்தில் வந்தால் அரை! ஆக, அங்கே எல்லை மதிப்பே இல்லை. நேர்கோடுகளை மட்டும் சோதித்துவிட்டு "எல்லை மதிப்பு 0" என்று முடிப்பதால்தான் நல்ல மாணவர்களும் இந்தக் கேள்வியில் முழு மதிப்பெண்ணையும் இழக்கிறார்கள். ஒரு மாறியை மட்டும் மாற்றி எடுக்கும் பகுதி வகைக்கெழுக்களும் அப்படித்தான், இரண்டும் ஒரு புள்ளியில் இருப்பதால் மட்டும் சார்பு அங்கே தொடர்ச்சியானது என்று சொல்லிவிட முடியாது.

ஒரு பகுதிக்குள் எடுக்கும் தொகையீட்டை அதன் விளிம்பில் எடுப்பதோடு இணைக்கும் கிரீன், ஸ்டோக்ஸ், காஸ் தேற்றங்கள் பெரும்பாலும் கடைசி வாரங்களில் அவசர அவசரமாக வந்து போகின்றன. இது எனக்கு உண்மையிலேயே வருத்தம், ஏனென்றால் பாடத்தின் உச்சமே அதுதான். ஸ்டோக்ஸ் தேற்றத்தை 1850-இல் கடிதத்தில் எழுதி அனுப்பியவர், பின்னாளில் கெல்வின் பிரபு ஆன வில்லியம் தாம்சன். 1854-இல் கேம்பிரிட்ஜின் ஸ்மித் பரிசுத் தேர்வில் ஸ்டோக்ஸ் அதைக் கேள்வியாகவே கேட்டுவிட்டார். அந்தத் தேர்வை எழுதியவர்களில் மேக்ஸ்வெல்லும் ஒருவர், அவர் பெயர் தாங்கிய மின்காந்தச் சமன்பாடுகளை இன்று நாம் எழுதுவது டைவர்ஜென்ஸ் (புலம் ஒரு புள்ளியிலிருந்து வெளியே பரவும் அளவு), கர்ல் (அது சுழலும் அளவு) இரண்டையும் வைத்துத்தான்.

இந்தப் பகுதியிலும் படம்தான் காப்பாற்றும். ஆதிப்புள்ளியைச் சுற்றிச் சுழலும் ஒரு வெக்டர் புலம் (ஒவ்வொரு புள்ளியிலும் ஓர் அம்பு என்று நினைத்துக்கொள்ளுங்கள்) உண்டு, மைனஸ் ஒய்யையும் எக்ஸையும் தூரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வருவது. அது இருக்கும் இடமெல்லாம் கர்ல் 0. ஆனாலும் ஆதிப்புள்ளியை வட்டமாக ஒருமுறை சுற்றித் தொகையிட்டால் 2 பை வருகிறது. கிரீன் தேற்றப்படி 0 என்று எழுதுபவர்கள், வட்டத்துக்கு நடுவே புலமே இல்லாத ஒரு புள்ளி இருப்பதைப் பார்க்கவில்லை. வட்டத்தை வரைந்து உள்ளே அந்தப் புள்ளியைக் குறித்திருந்தால் தேற்றம் அங்கே செல்லாது என்று அப்போதே தெரிந்திருக்கும்.

ஆகவே இரட்டைத் தொகையீட்டுக்கு எல்லை எழுதத் தடுமாறினால், தேர்வு வரை காத்திருக்காமல் அந்த வாரமே ஆசிரியரிடம் போங்கள். நீங்கள் போட்ட படத்தையும் கையோடு கொண்டுபோனால், எங்கே தடம் மாறியது என்று அவர் பார்த்தவுடனே சொல்லிவிட முடியும்.