‘யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்’ என்று குழந்தையிடம் சத்தியம் செய்யாதீர்கள்

இந்தக் கல்வியாண்டில் இது நான்காவது முறை. எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணி முதுகலை) இரண்டாம் ஆண்டு மாணவி ஒருவர், பள்ளியில் செய்யும் ஃபீல்டு வொர்க் (களப்பயிற்சி) நோட்டை என் மேசையில் வைத்துவிட்டு அழ ஆரம்பித்தார். “மேடம், அந்தப் பொண்ணுக்குச் சத்தியம் பண்ணிக் கொடுத்துட்டேன்.”

ஊரையும் அடையாளங்களையும் மாற்றியே எழுதுகிறேன். டெல்டாவில் ஒரு பள்ளி. ஒன்பதாம் வகுப்புப் பெண். மதிய உணவு முடிந்து தட்டுக் கழுவும் குழாயடியில் தயங்கித் தயங்கி இந்த மாணவியின் பக்கத்தில் வந்து நின்றிருக்கிறாள். “அக்கா, யார்கிட்டயும் சொல்ல மாட்டீங்கல்ல?” என்று ஈரக் கையை நீட்டியிருக்கிறாள். மாணவியும் அந்தக் கையில் அடித்து, “சத்தியமா சொல்ல மாட்டேன்” என்றிருக்கிறார். அதற்குப் பிறகுதான் விஷயம் வந்தது. வீட்டில் வெற்றிலை பாக்கு மாற்றியாகிவிட்டது. சிங்கப்பூரில் வேலை பார்க்கும் மாமனுக்குத் தையில் கட்டிக்கொடுக்கப் போகிறார்கள்.

பதினொரு நாள் அந்த மாணவி இதைத் தனக்குள்ளேயே வைத்திருந்தார். “அம்மாகிட்ட பேசிப் பாரு” என்று அந்தப் பெண்ணுக்கே யோசனையும் சொல்லிக்கொண்டிருந்தார். என்னிடம் சொன்ன அன்று மதியமே குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் பேசினோம். மாவட்ட சமூகநல அலுவலகத்திலிருந்து வந்தார்கள், பெற்றோரிடம் எழுதி வாங்கினார்கள், கல்யாணம் நின்றது. பெண் பள்ளிக்கு வருகிறாள். ஆனால் அதே குழாயடியில் மாணவியைப் பார்த்து, “நீங்க சத்தியம் பண்ணீங்களேக்கா” என்று ஒரே ஒரு முறை கேட்டாள். அதன் பிறகு அவரிடமும் பேசவில்லை, என் அறைப் பக்கமும் வரவில்லை.

எனக்கு அந்த மாணவி மேல் கோபமில்லை. வயது இருபத்திரண்டு. ‘ரகசியம் காத்தல்’ என்பதை முதல் செமஸ்டரில் ஐந்து மதிப்பெண் கேள்வியாகப் படித்துவிட்டு வந்திருக்கிறார். அதற்கு ஓர் எல்லை உண்டு என்பதை யாரும் அவரை உட்காரவைத்துச் சொல்லிக் கொடுக்கவில்லை. கோபமெல்லாம் அப்படி அனுப்பி வைத்தவர்கள் மேல்தான்.

இதைத் திரும்பத் திரும்பச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. ஆனாலும் சொல்கிறேன். கவுன்சிலிங்கில் ரகசியம் காப்பது வேறு, எதையும் யாரிடமும் சொல்லாமல் இருப்பது வேறு. குழந்தை சொன்னதை ஸ்டாஃப் ரூமில் கதையாகப் பேசக் கூடாது. ஹெச்.எம். கேட்டார் என்பதற்காக நோட்டைத் தூக்கிக் கொடுக்கக் கூடாது. அம்மாவிடம் போய் ஒப்பிக்கக் கூடாது. இதெல்லாம் ரகசியம். ஆனால் குழந்தையின் உடம்புக்கோ உயிருக்கோ ஆபத்து என்று தெரிந்த நிமிடத்தில், அதை உங்களுக்குள் வைத்திருக்க உங்களுக்கு உரிமை கிடையாது. பயிற்சி மாணவராக இருந்தால் சூப்பர்வைசரிடம் அன்றைக்கே சொல்ல வேண்டும். அடுத்த வாரத் தனிச் சந்திப்பு வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

எனவே முதல் சந்திப்பிலேயே, குழந்தை வாய் திறப்பதற்கு முன்பே, இதைச் சொல்லிவிடுங்கள். நான் சொல்வது இப்படி: “நீ சொல்றதை டீச்சர்கிட்டயோ வீட்டுலயோ போய்ச் சொல்ல மாட்டேன். ஆனா உன்னை யாராவது கஷ்டப்படுத்தினாலோ, நீயே உன்னை ஏதாவது பண்ணிக்கணும்னு நெனச்சாலோ, வேற யாருக்காவது ஆபத்துன்னாலோ, அதை மட்டும் நான் தனியா வச்சுக்க முடியாது. உதவி பண்ணக்கூடியவங்ககிட்ட சொல்லுவேன். யார்கிட்ட சொல்லப் போறேன்னு முதல்ல உங்கிட்டதான் சொல்லுவேன்.”

“அப்படிச் சொன்னா பிள்ளைங்க வாயே திறக்காது மேடம்” என்று ஒவ்வொரு பேட்சும் சொல்கிறது. திறக்கும். பென்சில் தொலைந்ததையும் பக்கத்துப் பெஞ்சுச் சண்டையையும் முதலில் சொல்லி உங்களை ஆழம் பார்க்கும். அதை நீங்கள் எப்படி வைத்துக்கொள்கிறீர்கள் என்று பார்த்துவிட்டுத்தான் பெரியதைச் சொல்லும். மூன்று வாரம் ஆகலாம், ஆகட்டும். ரெக்கார்டில் ஐந்து கேஸ் காட்ட வேண்டும் என்ற அவசரம் உங்களுடையது, அந்தக் குழந்தைக்கு அப்படி எதுவும் இல்லை.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன், நிறைய பேருக்குத் தெரியவில்லை. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தில் 19-ஆம் பிரிவின்படி, ஒரு குழந்தைக்குப் பாலியல் குற்றம் நடந்தது என்று தெரிந்தாலும், நடக்கும் என்று அஞ்சினாலும் போலீசுக்குத் தெரிவிக்க வேண்டியது ஒவ்வொருவரின் கடமை. தெரிவிக்காவிட்டால் 21-ஆம் பிரிவில் ஆறு மாதம் வரை சிறைத் தண்டனை உண்டு. தனக்குக் கீழ் வேலை செய்பவர் செய்த குற்றத்தை நிறுவனத்தின் பொறுப்பில் இருப்பவர் மறைத்தால் ஓராண்டு வரை. ‘பள்ளிப் பேர் கெட்டுடும்’ என்று இழுக்கும் தலைமையாசிரியர்கள் இதை ஒரு முறை படிக்க வேண்டும். ‘நான் ஸ்டூடன்ட்தானே’ என்பவர்களும் படிக்க வேண்டும். மாணவருக்குச் சட்டம் விலக்குக் கொடுக்கவில்லை.

இன்னொன்று. இரண்டு வருடத்துக்கு முன் பஸ் ஸ்டாண்டு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடையில் ஸ்பைரல் பைண்டிங்குக்காகக் காத்திருந்தேன். பக்கத்தில் மேலே திறந்து கிடந்தது ஒரு கேஸ் ரெக்கார்டு. குழந்தையின் பெயர், அப்பா பெயர், தெரு, ‘தந்தை குடிப்பழக்கம் உள்ளவர்’ என்று அழகான கையெழுத்தில் அடிக்கோடு. கடைப் பையன் டீ குடித்துக்கொண்டே அதைப் படித்துக்கொண்டிருந்தான். குழந்தையிடம் சத்தியம் செய்கிற அதே கைதான் இதையும் எழுதியிருக்கும். ரெக்கார்டில் பெயர் எழுதாதீர்கள். ஊரும் தெருவும் வேண்டாம். வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) கேட்பவருக்கு உங்கள் வேலைதான் தெரிய வேண்டும், குழந்தையின் வீட்டு முகவரி எதற்கு?

தலைமையாசிரியர்களுக்கு: பயிற்சி மாணவர் உங்களுக்குக் கிடைத்த சப்ஸ்டிட்யூட் டீச்சர் இல்லை. வகுப்பில் காணாமல் போன செல்போனை யார் எடுத்தது என்று ‘நைசா பேசிக் கேட்டுச் சொல்ல’ வந்தவரும் இல்லை. ஓர் அறை கொடுங்கள். உள்ளே பேசுவது வெளியே கேட்கக் கூடாது, ஆனால் உள்ளே இருப்பவர்கள் வெளியிலிருந்து தெரிய வேண்டும். இது குழந்தைக்கும் பாதுகாப்பு, மாணவருக்கும் பாதுகாப்பு.

சொல்லக்கூடாத இரண்டாவது வாக்குறுதி ‘அடுத்த வாரம் வர்றேன்’.

சுனாமிக்குப் பிறகு, 2005 தொடக்கத்தில், நானும் மாணவியாக நாகப்பட்டினம் முகாம் ஒன்றுக்குப் போனேன். ஏழெட்டு வயதுப் பையன் ஒருவன், படம் வரையச் சொல்லி நான் நீட்டிய கிரேயான் டப்பாவை வாங்கவே இல்லை. “நீங்க எத்தனை நாளு?” என்று மட்டும் கேட்டான். எனக்கு முன்னால் எத்தனையோ அக்காக்கள் அவனிடம் அதே கேள்விகளைக் கேட்டு, அதே அலையை வரையவைத்துவிட்டுப் போயிருந்தார்கள். நான் நான்கு நாள் இருந்தேன். அதை அவனிடம் சொல்லாமலே கிளம்பினேன்.

இன்றைக்கும் நடப்பது அதுதான். வாரத்துக்கு இரண்டு நாள் ஃபீல்டு வொர்க். அதிலும் ஐப்பசி, கார்த்திகையில் மழைக்குக் கலெக்டர் விடுமுறை விட்டால் அந்த நாளும் போய்விடும். பிறகு செமஸ்டர் தேர்வு, மாணவர் வரமாட்டார். குழந்தை செவ்வாய்க்கிழமை மதியம் கேட்டைப் பார்த்துக்கொண்டு நிற்கும். இந்தப் பகுதியில் எத்தனை வீடுகளில் அப்பா வளைகுடாவிலோ திருப்பூரிலோ இருக்கிறார் என்று எண்ணிப் பாருங்கள். சொல்லாமல் போகிறவர்களின் வரிசையில் இன்னொருவராக நீங்களும் சேராதீர்கள். கடைசி நாள் எது என்று முதல் நாளே சொல்லுங்கள். குழந்தையின் நோட்டிலேயே தேதியைக் குறித்துக் கொடுங்கள். மூன்று வாரத்துக்கு முன்பிருந்தே நினைவூட்டுங்கள். நீங்கள் போன பின் யாரிடம் பேசலாம் என்று ஓர் ஆசிரியரையாவது நேரில் அறிமுகப்படுத்திவிட்டுப் போங்கள். 1098, மனநல உதவிக்கு 14416 இரண்டையும் எழுதிக் கொடுங்கள்.

கல்லூரித் துறைகளுக்கு ஒரு வேண்டுகோள். ஜூனில் அடுத்த பேட்சை அனுப்பும்போது, அனுமதிக் கடிதத்தோடு சூப்பர்வைசரின் செல் நம்பரையும் சேர்த்து அனுப்புங்கள். மாணவர் பள்ளியில் இருக்கும் நேரம் முழுக்க எடுக்கப்படுகிற நம்பராக இருக்கட்டும். அந்த மாணவி ஏன் பதினொரு நாள் காத்திருந்தார் என்று கேட்டேன். முதல் நாளே துறைக்கு மூன்று முறை போன் செய்திருக்கிறார். ரிங் போயிருக்கிறது, யாரும் எடுக்கவில்லை.