குட்டியைக் கொடுக்க ஏன் இவ்வளவு அவசரம்?

இந்த மாதமும் அதே கதைதான். தேனி மாவட்டம் கம்பத்தில் ஒரு வீட்டில் பிறந்த கிராஸ் குட்டி. தாய் லேப்ரடார், தகப்பன் தெருவில் திரியும், கோம்பை என்கிற நம் நாட்டு இனத்தின் ஜாடையுள்ள நாய். முப்பது நாள் ஆனதும் பக்கத்துத் தெருவில் கொடுத்திருக்கிறார்கள். அந்த வீட்டுப் பாட்டிக்குப் பிடிக்கவில்லை என்று உத்தமபாளையத்தில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக்குப் போனது. ராத்திரியெல்லாம் கத்துகிறது என்று அவர் குமுளிக்கு மேலே ஓர் ஏலத்தோட்டத்துக்கு ஜீப்பில் ஏற்றிவிட்டார். என்னிடம் வந்தபோது திராட்சை அடுக்கும் பிளாஸ்டிக் பெட்டியில், ஈரச் சாக்கின் மேல் கிடந்தது. உதட்டைத் தூக்கிப் பார்த்தால் ஈறில் சிவப்பே இல்லை. கழுத்துத் தோலைக் கிள்ளிவிட்டால் மடிப்பு அப்படியே நின்றது. வாலடியில் ரத்தக் கழிச்சல் காய்ந்து அப்பியிருந்தது. பார்வோ என்கிற ரத்தக் கழிச்சல் வைரஸ் நோய், கூடவே குடலில் ரத்தம் உறிஞ்சும் கொக்கிப்புழு. காப்பாற்ற முடியவில்லை.

ஏன் இவ்வளவு சீக்கிரம் கொடுத்தீர்கள் என்று கேட்டால் எல்லா வீட்டிலும் ஒரே பதில்: "டாக்டரம்மா, பெருசாயிருச்சுன்னா ஒட்டாதுல்ல?"

ஒட்டும். இதை எத்தனை பேரிடம் சொன்னாலும் நம்ப மறுக்கிறார்கள், அதனால் விளக்கமாகவே எழுதுகிறேன். நாய்க்குட்டி மனிதர்களோடு பழகும் பருவம் மூன்றாவது வாரம் தொடங்கிப் பன்னிரண்டு, பதினான்கு வாரம் வரை ஓடுகிறது. எட்டு வாரத்தில் நீங்கள் கொடுத்தாலும் புது வீட்டுக்காரருக்கு அந்தப் பருவத்தில் நான்கிலிருந்து ஆறு வாரம் மிச்சமிருக்கும். அது தாராளம். அதையும் தாண்டி வளர்ந்த நாய்கூட வேளைக்குச் சோறு வைத்து, அடிக்காமல், பெயர் சொல்லிக் கூப்பிடுகிற வீட்டில் சில வாரங்களில் ஒட்டிக்கொள்கிறது. மூன்று வயது நாயைத் தத்தெடுத்து, அது வாசலை விட்டு நகராமல் காவல் கிடப்பதைப் பார்த்தவர்கள் இந்த ஊரிலேயே இருக்கிறார்கள்.

தாயோடு இருக்கும் நான்காவது வாரத்திலிருந்து எட்டாவது வாரம் வரைதான் குட்டி கடியின் அளவைக் கற்றுக்கொள்கிறது. கூடப் பிறந்ததை அழுத்திக் கடித்தால் அது வீல் என்று கத்தி விளையாட்டை நிறுத்திவிடும். தாயின் மடியைப் பல்லால் இழுத்தால் தாய் உறுமி எழுந்து போய்விடும். இப்படித்தான் பல்லை எவ்வளவு அழுத்தலாம் என்று குட்டிக்குப் பிடிபடுகிறது. இந்தப் பாடம் இல்லாமல் வந்த குட்டிகள்தான் ஐந்தாறு மாதத்தில் பிள்ளைகளின் கையைக் கிழித்துவிட்டு, 'இது கடிக்கிற நாய்' என்ற பெயரோடு மறுபடி வேறு வீடு தேடி வருகின்றன. ஒட்ட வேண்டும் என்று அவசரப்பட்டுப் பிரித்ததே அதை வெளியே தள்ளும் காரணமாகிவிடுகிறது. நாய் வளர்ப்பு, விற்பனைக்கான 2017-ஆம் ஆண்டு விதிகளும் எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது என்றே சொல்கின்றன. விற்பவருக்குத்தானே அது, நான் சும்மா கொடுக்கிறேனே என்று வாதாடாதீர்கள். குட்டியின் உடம்பு இரண்டுக்கும் ஒன்றுதான்.

இன்னொன்று, 'கிராஸ் தானே டாக்டர், நாட்டு ரத்தம் இருக்கு, ஊசி எல்லாம் வேண்டாம், தாங்கிக்கும்.' தாங்காது. கோம்பையோ ராஜபாளையமோ லேப்ரடாரோ, தடுப்பூசி போடாத குட்டியைப் பார்வோ பிடித்தால் விடாது.

கொடுப்பதற்குள் நீங்கள் செய்ய வேண்டியது அதிகமில்லை. இரண்டாவது வாரத்திலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, மூன்று மாதம் வரை, எடைக்கு ஏற்ற குடற்புழு மருந்து. ஆறிலிருந்து எட்டு வாரத்துக்குள் முதல் தடுப்பூசி. மூன்று, நான்கு வாரத்துக்கு ஒருமுறை அடுத்தடுத்த ஊசிகளைப் புது வீட்டுக்காரர் பதினாறு வாரம் வரை போட வேண்டும். மூன்று மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசி. இதெல்லாம் எழுதிய அட்டை குட்டியோடு போக வேண்டும், வாய்மொழியாகப் 'போட்டாச்சு' என்றால் போதாது. பசும்பாலை ஊற்றி ஊற்றி வயிற்றுப்போக்கு வரவழைக்காதீர்கள். குழைந்த சோற்றில் வேகவைத்த முட்டையோ கோழியோ பிசைந்து, சிறுசிறு வேளையாகக் கொடுங்கள். நம் ஊரில் தனியாகவே சொல்ல வேண்டிய ஒன்று உண்டு: திராட்சை நாய்க்கு விஷம், சிறுநீரகம் கெட்டுப்போகும். பன்னீர் திராட்சை இறைந்து கிடக்கும் தோட்டத்திலும் பேக்கிங் கொட்டகையிலும் குட்டியை விடாதீர்கள். உலர் திராட்சையும் அப்படித்தான்.

கேட்டு வருபவரிடம் நான் முதலில் கேட்கச் சொல்லும் கேள்வி, 'உங்க வீட்டுல போன வருஷம் குட்டி ஏதாவது ரத்தக் கழிச்சல்ல செத்துச்சா?' என்பது. கூச்சப்படாமல் கேளுங்கள். பார்வோ கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், சாதாரண பினாயிலுக்கு அசையாது. சிமெண்ட் தரையைச் சுத்தமாகக் கழுவிவிட்டுப் பிளீச்சிங் கரைசல் ஊற்றினால் சாகும். மண் தரையில் அதுவும் சரியாக வேலை செய்வதில்லை. அந்த வீட்டுக்குத் தடுப்பூசிகள் முடியாத குட்டி போகவே கூடாது.

அப்புறம், உண்மையைச் சொல்லிக் கொடுங்கள். 'ஒரிஜினல் லேப்' என்று சொல்லிக் கைமாற்றினால் ஆறு மாதத்தில் காது நிமிர்ந்து, உடல் ஒடுங்கி, அந்நியரைக் கண்டால் பாயும் கோம்பைக் குணம் தெரிந்ததும் ஏமாந்தவர் அதை ரோட்டில் விடுவார். தகப்பன் இன்னதென்று தெரிந்தால் சொல்லுங்கள், தெரியாவிட்டால் தெரியாது என்றே சொல்லுங்கள். தோட்டக் காவலுக்கு என்று கேட்டால் ராத்திரி எங்கே படுக்கும் என்று விசாரியுங்கள். ஏலமலைக் குளிரில் எட்டு வாரக் குட்டி வெளியே தாங்காது. சங்கிலியில் கட்டிய நாய் சிறுத்தைக்குக் கையில் கிடைத்த இரை. வீடு பிடித்துப்போனாலும் 'முடியலைன்னா என்கிட்டயே திருப்பிக் கொண்டாங்க' என்று சொல்லி அனுப்புங்கள். அந்த ஒரு வார்த்தை இருந்திருந்தால் மேலே சொன்ன குட்டி மூன்று கை மாறியிருக்காது.

ஆள் கிடைக்கவில்லை என்று லோயர் கேம்ப் தாண்டிக் குமுளி மலைப்பாதை வளைவில் இறக்கிவிட்டுப் போகிறவர்களுக்கு: 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆம் பிரிவின்படி அது குற்றம். முதல் முறை அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய்க்குள்தான் என்பதை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது. வளைவுக்கு அப்பால் பெரியாறு புலிகள் காப்பகக் காடு. நாயின் டிஸ்டெம்பர் என்கிற வைரஸ் நோய் புலி, சிங்கம் போன்ற பெரும்பூனை இனத்தையும் கொல்லும். 2018-இல் கிர் காட்டில் சிங்கங்கள் அந்தக் கிருமியால் செத்தன. ஆள் கிடைக்கும்வரை வீட்டிலேயே வைத்திருங்கள், உங்கள் பகுதிக் கால்நடை மருந்தகத்தில் சொல்லி வையுங்கள். குட்டி கேட்பவர்கள் எங்களிடமும் வருகிறார்கள்.

பெட்டைக் குட்டியை யாரும் எடுப்பதில்லை என்ற புலம்பலும் எனக்குத் தெரியும். வளர்ந்ததும் கருத்தடை செய்துகொள்ளலாம் என்று சொல்லிக் கொடுத்துப் பாருங்கள், பாதித் தயக்கம் அங்கேயே போய்விடும். தாயையும் அப்படியே விட்டுவிடாதீர்கள். ஏறக்குறைய ஆறேழு மாதத்தில் அது மறுபடி பருவத்துக்கு வரும், சேர்ந்தால் அறுபத்து மூன்று நாளில் அடுத்த ஈட்டுக் குட்டிகள். குட்டிகள் பால் மறந்து மடி வற்றியதும் கருத்தடைக்குக் கூட்டி வாருங்கள். முந்தின இரவுக்குப் பிறகு சோறு வைக்க வேண்டாம், தண்ணீர் மட்டும் போதும்.