பசை அட்டையில் ஒட்டிய அரணை

இந்த மாதத்தில் இது நான்காவது. ஒத்தக்கடையிலிருந்து ஓர் அம்மா எலி பிடிக்கும் பசை அட்டையைத் துணிப்பையில் வைத்துக் கொண்டுவந்தார். அதில் ஓர் அரணை. தாடையும் வயிறும் ஒட்டிக் கிடக்க, விலா மட்டும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் அறுந்த வால். "பையன் அழுகிறான்னு கொண்டுவந்தேன் டாக்டர். கிட்டப் போகாதீங்க, நக்குனா மரணமாமே" என்றார்.

தொழிலுக்கு வந்த நாளிலிருந்து இதைக் கேட்கிறேன். அரணைக்கு விஷம் கிடையாது. பல்லில் இல்லை, நாக்கில் இல்லை, எச்சிலில் இல்லை, வாலிலும் இல்லை. கையில் பிடித்தால் கடிக்கும். என் விரலையே பலமுறை கவ்வியிருக்கிறது, சோப்புப் போட்டுக் கழுவியதோடு சரி. மினுமினுக்கும் செதிலைப் பார்த்துப் பாம்புக்குட்டி என்று அடிப்பவர்களும் உண்டு. நாலு கால் இருக்கிறதே, அதையாவது பாருங்கள். கடிக்க வந்து, வந்ததை மறந்துவிடும் என்று இன்னொரு கதை. மறதியெல்லாம் இல்லை. கொஞ்சம் ஓடும், நிற்கும், தலையைத் தூக்கிப் பார்க்கும், திரும்பும். செம்போத்தோ பூனையோ எங்கே இருக்கிறது, ஒளிய இடுக்கு எங்கே என்று பார்த்துப் பார்த்துப் போகிற போக்கு அது.

இடுக்கையும் கண்டபடி தேர்ந்தெடுக்காது. முதுகும் வயிறும் உரச வேண்டும். தான் நுழையலாம், கீரியின் மூஞ்சி நுழையக்கூடாது. வாசலில் காலை வெயில் விழுந்தால் இன்னும் நல்லது, காய்ந்துகொண்டே சட்டென்று உள்ளே போய்விடலாம். வெட்டவெளியில் இறங்காமல் சுவரோரமாகவே போகும். எலியும் அப்படித்தான். ஆகவே பிரிட்ஜுக்குப் பின்னால் நீங்கள் வைக்கிற அட்டை சரியாக அதன் பாதையில் இருக்கிறது. ஒட்டித் துடிக்கிற கரப்பான் வேறு அதை இழுக்கிறது. கடைசியில் வாலைக் கழற்றிப் பார்க்கிறது. துள்ளும் வாலைப் பூனை பிடித்தால் உடம்பு தப்பும். பசை விடாது. வாலில் சேர்த்த கொழுப்பும் போனதுதான் மிச்சம்.

தயவுசெய்து பசை அட்டை வாங்காதீர்கள். கூண்டு வையுங்கள், கதவடி இடைவெளியை அடையுங்கள், அரிசியை மூடி வையுங்கள். ஒட்டிவிட்டதா, பிய்க்காதீர்கள், தோல் உரிந்து வரும். மண்ணெண்ணெய், தின்னர் கூடவே கூடாது. மிச்சப் பசைமேல் கோதுமை மாவைத் தூவுங்கள். சமையல் எண்ணெயைப் பஞ்சுக்குச்சியில் தொட்டு, ஒவ்வொரு காலாக, மூக்கில் படாமல் தடவுங்கள். முடியாவிட்டால் அட்டையோடு கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். உயிரோடு குப்பையில் போடுவதை மட்டும் செய்யாதீர்கள். துடித்துத் துடித்துத்தான் சாகும்.

அந்த அரணையை எடுக்க முக்கால் மணி நேரம் ஆனது. வெயில் இருக்கும்போதே வீட்டுத் துவைகல் பக்கத்தில் விடச் சொன்னேன், உடம்பு குளிர்ந்தால் அதனால் ஓட முடியாது. மாலையில் பையன் போன் செய்தான். "ரெண்டடி ஓடி நின்னு பார்த்துச்சு டாக்டர், அப்புறம்தான் கல்லுக்கடியில போச்சு."