பல்லில் கழன்ற கேப்பை நீங்களே பசை போட்டு ஒட்டாதீர்கள்

போன மாதம் ஒரு அம்மா கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வந்தார். கடைவாய்ப் பல்லில் போட்டிருந்த கேப் கழன்றுவிட்டது, மறுநாள் வீட்டில் விசேஷம், மகன் பெட்டிக்கடையில் உடனே ஒட்டும் பசை ஒரு ட்யூப் வாங்கி வந்து ஒட்டிவிட்டார். ஒட்டிக்கொண்டது, சரி. ஆனால் கேப் முழுசாக உள்ளே இறங்குவதற்கு முன்பே இறுகிவிட்டதால், வாயை மூடினால் அந்த ஒரு பல்தான் முதலில் இடிக்கிறது. ஓரத்து ஈறும் வெந்து வெளுத்திருந்தது. வெட்டித்தான் எடுத்தேன். சும்மா திரும்ப ஒட்டிக் கொடுத்திருக்கலாம், புது கேப் செலவாகிவிட்டது.

இந்தப் பசை காய்ந்து இறுகுகிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அதில் இருக்கும் சயனோஅக்ரிலேட் இறுகுவதற்கு ஈரம்தான் வேண்டும். ஈரம் பட்ட நொடியே மூலக்கூறுகள் சங்கிலியாகக் கோத்துக்கொள்ளும், சூடும் கிளம்பும். எச்சில் ஊறும் வாயில் நிதானமாகப் பொருத்த நேரமே இருக்காது. அப்புறம் அதே எச்சில் நாள்பட அந்தப் பிடிப்பைத் தளர்த்திவிடும். இடுக்கில் சாப்பாடு புகுந்து உள்ளே இருக்கும் பல் சொத்தையாகும்.

பல் மருத்துவர்கள் நாங்கள் பயன்படுத்தும் பொருட்களுக்கும் தண்ணீர் வேண்டும், ஆனால் அளவாக. 1970களின் தொடக்கத்தில் ஆலன் வில்சனும் பிரையன் கென்ட்டும் லண்டனில் உருவாக்கிய, கேப் ஒட்டவும் ஃபில்லிங் வைக்கவும் பயன்படும் கிளாஸ் அயனோமர் சிமென்ட்டில், கண்ணாடித் தூளோடு அமிலம் வினைபுரியத் தண்ணீர் வேண்டும். இறுகிய பிறகும் அந்தத் தண்ணீர் உள்ளேயே தங்கிவிடும். இறுகும்போது எச்சில் பட்டால் சிமென்ட் கரையும், காய்ந்தால் விரிசல் விடும். ஃபில்லிங் வைத்ததும் மேலே வாசலினோ வார்னிஷோ தடவுவது இதற்காகத்தான்.

பல் நிற ஃபில்லிங் இன்னும் நுணுக்கம். பல்லின் மேல் ஓடான எனாமலுக்குக் கீழே இருக்கும் டென்டின் என்ற அடுக்கில் எடைக்கு ஏறக்குறைய 10 சதவீதம் தண்ணீர். அமிலம் தடவிக் கழுவினால் அதிலுள்ள கொலாஜன் என்ற புரத இழைகள் வெளியே தெரியும். குளத்துப் பாசி தண்ணீருக்குள் விரிந்து நிற்கும், வெளியே எடுத்தால் ஒட்டிப் படிந்துவிடுமே, அந்த இழைகளும் அப்படித்தான். காற்றடித்து ஒரேயடியாக உலர்த்தினால் படுத்துவிடும், ஃபில்லிங்கைப் பிடிக்க வைக்க நாங்கள் தடவும் பசை உள்ளே இறங்காது. லேசாக மினுங்கும் அளவு ஈரத்தை விட்டுவைப்போம். அந்த நேரத்தில் நீங்கள் ஒருதரம் வாயை மூடி எச்சில் பட்டாலும் திரும்ப முதலிலிருந்து செய்ய வேண்டியதுதான். பஞ்சை வைத்து "கொஞ்ச நேரம் மூடாதீங்க" என்று திரும்பத் திரும்பச் சொல்வது அதனால்தான்.

கேப் கழன்றால் கழுவி ஒரு சின்ன டப்பாவில் போட்டு வையுங்கள், அந்தப் பக்கம் மெல்லாதீர்கள், ஓரிரு நாளில் எடுத்துக்கொண்டு வாருங்கள். கேப் உடையாமல், உள்ளே பல்லும் நன்றாக இருந்தால் பெரும்பாலும் அதையே ஒட்டிவிடலாம்.