முழங்காலில் வலி, இடுப்பில் வைத்தியம்

அம்பாசமுத்திரத்திலிருந்து ஒரு அம்மா கேட்டிருக்கிறார்: "மகளுக்குப் பதினாலு வயசு. பள்ளிக்கூடக் கபடி டீம்ல இருக்கா. மாடிப்படி ஏறுனா முட்டுச் சில்லைச் சுத்தி வலிக்குன்னு சொல்லுதா. எக்ஸ்ரேல ஒண்ணும் இல்ல. பிசியோதெரபிஸ்ட் பிலாட்டீஸ் பண்ணச் சொல்லுதாங்க, அதுவும் இடுப்புக்கு. முட்டு வலிக்கு இடுப்புல என்ன வேலை?"

பாதி வேலை அங்கேதான் இருக்கிறது, அம்மா.

தொடையின் முன்தசை சுருங்கி இழுக்க, கீழ்க்கால் நிமிர்கிறது. அந்த இழுவைக்கு நெம்புகோல் பலம் தருவதற்காக நடுவில் இருப்பது முழங்கால் சில்லு. படி ஏறும்போது அதன் மேல் விழும் அழுத்தம் உடல் எடையைப்போலச் சுமார் மூன்று மடங்கு. குத்தவைத்து உட்கார்ந்தால் இன்னும் கூடும். தொடை எலும்பின் கீழ்முனையில் உள்ள பள்ளத்தில் சில்லு மேலும் கீழும் ஓட வேண்டும். ஓட்டம் ஒரு ஓரமாகச் சாய்ந்தால், அத்தனை அழுத்தமும் சின்ன இடத்தில் குவியும். சில்லின் உள்பக்கத்தைப் போர்த்தியிருக்கும் குருத்தெலும்புக்கு நரம்பு கிடையாது. வலிப்பது அதன் அடியில் உள்ள எலும்பும் சுற்றியுள்ள மென்திசுக்களும்தான்.

சில்லுதான் தடம் புரள்கிறது என்று நெடுங்காலம் நினைத்தார்கள். 2003இல் வெளியான ஓர் ஆய்வில், சில்லு விலகும் தொந்தரவு உள்ள பெண்களை, காலில் எடை தாங்கிய நிலையிலேயே எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்தார்கள். சில்லு பெரிதாக அசையவில்லை. அதன் அடியில் தொடை எலும்பு உள்பக்கமாகத் திரும்பிக்கொண்டிருந்தது! கிணற்றுக் கப்பி சாய்ந்திருந்தால் கயிறு ஒரு பக்கம் உரசத்தானே செய்யும்? கயிற்றை மாற்றி என்ன பயன்?

தொடை எலும்பு அப்படித் திரும்பாமல் பிடித்து வைப்பது இடுப்பின் பக்கவாட்டில், பிட்டத்தின் மேல்பகுதியில் இருக்கும் தசை. இதை வீட்டிலேயே பார்க்கலாம். மகளை வாசல்படியில் ஒற்றைக் காலில் நிற்கச் சொல்லுங்கள். மற்றக் குதிகால் தரையைத் தொடும்வரை மெதுவாக இறங்கட்டும். நிற்கிற காலின் முட்டு, பெருவிரலையும் தாண்டி உள்ளே போகிறதா? எதிர்ப்பக்க இடுப்பு தணிகிறதா? கபடியில் ரெய்டு போய்த் திரும்பும் ஒவ்வொரு வெட்டிலும் முட்டுக்கு இதுவேதான் நடக்கும்.

இந்தத் தசை முதலிலேயே பலவீனமா, வலி வந்தபின் சோர்ந்ததா என்ற விவாதம் இன்னும் நடக்கிறது. ஆனால் முட்டுப் பயிற்சியோடு இடுப்புப் பயிற்சியும் சேர்ந்தால் வலி குறைகிறது என்பதற்கு நல்ல ஆதாரம் உண்டு.

பிலாட்டீஸ் இங்கேதான் பொருந்துகிறது. 1883இல் ஜெர்மனியில் பிறந்த ஜோசப் பிலாட்டீஸ், முதல் உலகப் போரின்போது பிரிட்டன் அருகே உள்ள மான் தீவின் (Isle of Man) தடுப்பு முகாமில் இருந்த காலத்தில் செப்பனிட்ட உடற்பயிற்சி முறை இது. பக்கவாட்டில் படுத்து, இடுப்பு துளியும் உருளாமல் மேல்காலை உயர்த்தி, உயர்த்தியதைவிட மெதுவாக இறக்க வேண்டும். படுத்திருப்பதால் சில்லின் மேல் எடை விழாது. இடுப்புத் தசையோ முழு வேலை செய்யும். வலிக்கிற முட்டைத் தொந்தரவு செய்யாமலே அதன் காவலாளியைப் பழக்கிவிடலாம் என்பது எனக்கு அலுக்காத அழகு. பிறகு மல்லாந்து படுத்து இடுப்பை உயர்த்துவது, அதற்குப் பிறகு நின்று செய்வது என்று போகும்.

பிலாட்டீஸை மட்டும் பிரித்து இந்த வயதுப் பிள்ளைகளிடம் பார்த்த ஆய்வுகள் குறைவு. தாமிரபரணிக் கரை ஊர்களில் மண் தரையில் கபடி ஆடும் பிள்ளைகளின் முட்டுகளைப் பற்றி ஆராய நம் அரசு பணம் ஒதுக்க வேண்டும். பெரிய கருவி வேண்டாம். ஒரு வாசல்படியும் வீடியோ எடுக்க ஒரு போனும் போதும்.

காலில் கருப்புக் கயிறு கட்டுவதால் தொடை எலும்பு திரும்புவது நிற்காது. "வயசுக்கு வந்த பிள்ளை குதிக்கக் கூடாது, அதான் வலி" என்று சொல்லி ஆட்டத்தையே நிறுத்துவது அதைவிடக் கெடுதல். ஆடாத இடுப்பு இன்னும் சோரும். ஆட்டத்தைக் குறைக்கலாம், விடக் கூடாது.

சில்லுக்குக் கீழே எலும்பு புடைத்து, தொட்டால் வலித்தால் அது வேறு: 1903இல் ஆஸ்குட், ஷ்லாட்டர் என்ற மருத்துவர்கள் இருவரும் விவரித்த வளர்ச்சிக்கால நோய். அதற்கு முதல் மருந்து ஓட்டத்தையும் குதிப்பையும் குறைப்பதே. முட்டு வீங்கினாலோ, இரவில் வலி எழுப்பினாலோ, நொண்டினாலோ எலும்பு மருத்துவரிடம் உடனே போங்கள். இந்த வயதில் இடுப்பு மூட்டின் வளர்தட்டு (எலும்பு வளரும் இடத்துக் குருத்தெலும்பு) நழுவினால், வலி முட்டில் மட்டும் தெரிவதுண்டு. இடுப்பையும் எக்ஸ்ரே எடுக்கச் சொல்லிக் கேளுங்கள்.

பயிற்சியில் லேசான வலி வந்து மறுநாள் காலைக்குள் அடங்கினால் தொடரலாம். அடங்காவிட்டால் அளவைக் குறையுங்கள். பலன் தெரிய ஆறு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும்.